டிஸ்ப்ளே போச்சு என்று முடிவு கட்டும் முன்: லேப்டாப் திரைக் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு சின்ன லேப்டாப் சர்வீஸ் கடையில்தான் என் பிழைப்பு. வருகிறவர்கள் பையின் ஜிப்பைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்: "அண்ணே, டிஸ்ப்ளே போச்சு." பேனல் (படம் காட்டும் திரைத் தகடு) என்ன விலை என்று போனில் பார்த்துவிட்டு மனசு நொந்தேதான் வருவார்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரம் பேனலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரேம் (நினைவகத் தகடு) கொஞ்சம் ஆடியிருக்கும், கேபிள் முனையில் உப்புப் பூத்திருக்கும், இல்லையென்றால் வீட்டுக் குழந்தை ஏதோ ஒரு விசையை அமுக்கி வைத்திருக்கும்.

வயிற்றுவலி என்றதும் எந்த டாக்டரும் உடனே கத்தியை எடுப்பதில்லையே. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்பார். திரைக்கும் அப்படித்தான். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பாலானவற்றை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலேயே செய்துவிடலாம்.

திரையில் படம் தெரிய நாலு சாமான் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். போர்டில் (உள்ளே இருக்கும் முக்கியச் சுற்றுப்பலகை) உள்ள கிராபிக்ஸ் சிப் படத்தை உருவாக்குகிறது. ஹிஞ்ச் (மூடியைத் தாங்கும் கீல்) வழியாக மேலே ஏறும் மெல்லிய கேபிள் அதைச் சுமந்து போகிறது. பேனல் அதை வாங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுக்கிறது. பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து பேக்லைட் எரிந்தால்தான் நம் கண்ணுக்கு ஏதாவது தெரியும். (ஓலெட் திரைக்கு மட்டும் இது பொருந்தாது, அதன் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்.) இந்த நாலில் எது படுத்துக்கொண்டது என்று பிரிப்பதுதான் மொத்த வேலையும்.

முழுக் கறுப்பு: முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள்

பவர் பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம் விட்டுவிட்டு கேப்ஸ் லாக் விசையை அமுக்கிப் பாருங்கள். அதன் சின்ன விளக்கு அமுக்கும்போதெல்லாம் எரிந்து அணைந்தால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது. கேப்ஸ் லாக் விளக்கு இல்லாத மாடலுக்கு நான் செய்யும் வேலை இது: அந்த லேப்டாப் ஏற்கெனவே இணைந்து பழகிய போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்வேன். கொஞ்ச நேரத்தில் 'ஒரு சாதனம் இணைந்துள்ளது' என்று போன் காட்டினால், விண்டோஸ் உள்ளே ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது தேட வேண்டிய இடம் திரைப் பக்கம். உயிரே இல்லை என்றால் திரையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, தேட வேண்டியது ரேம், போர்டு, பவர்.

உயிரில்லாததற்கு முதல் வைத்தியம், தேங்கி நிற்கும் மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் எடுங்கள், பவர் பட்டனை முப்பது நொடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் இதிலேயே சரியாகிப் போனவை ஏராளம்.

அடுத்தது ரேம். அடிக்கதவைத் திறந்து (பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு) ரேமை எடுத்து, பொன்னிறப் பட்டையைப் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று உட்காரும்படி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: டி.டி.ஆர்.5 ரேம் உள்ள புது லேப்டாப்களில் ரேமையோ பேட்டரியையோ கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ரேமை அது அளந்து பழகிக்கொள்கிற நேரம் அது. பதறிப்போய் நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

விளக்கு கண் சிமிட்டுகிறதா என்றும் கவனியுங்கள். டெல் லேப்டாப்களில் பல மாடல்கள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லிவிடும். ஆரஞ்சு நிறத்தில் 2 தடவை, பிறகு வெள்ளையில் 3 தடவை என்றால் ரேமைக் காணவில்லை. 2, 7 என்றால் திரைக் கோளாறு. 2, 8 என்றால் திரைக்குப் போகும் மின்சாரத்தில் கோளாறு. மற்ற கம்பெனிகளுக்கும் இப்படிச் சங்கேதம் உண்டு, அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். எண்ணும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாக எண்ணலாம்.

உயிர் இருக்கிறது, படம் இல்லை

முதலில் செலவில்லாத மூன்று காரியம். திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசையைப் பலமுறை அமுக்குங்கள். சிலர் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அடுத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து) நான்கையும் சேர்த்து அமுக்குங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். மூன்றாவது, எச்.டி.எம்.ஐ., டைப்-சி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ப்ரொஜெக்டரில் பாடம் நடத்திவிட்டு 'இரண்டாவது திரை மட்டும்' என்ற நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்கள் எனக்கு வாடிக்கை.

ஆசிரியர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோட்டாறிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். "தம்பி, படம் பார்த்தா ஒண்ணும் ஆகல்ல. நான் டைப் அடிக்கும்போது மட்டும் அணைஞ்சு போகுது." இரண்டு கடையில் காட்டியிருக்கிறார், ஒரு இடத்தில் கேபிளே மாற்றிவிட்டார்கள். நான் டைப் அடித்தால் அணையவில்லை. அவரையே உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். நாலு வரி அடித்திருப்பார், இடது கையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தினார், திரை போய்விட்டது. கையில் மூட்டுவலிக்குப் போட்டிருந்த காந்த வளையம்! அதைக் கழற்றி மேசையில் வைத்ததோடு வைத்தியம் முடிந்தது. காசு வாங்க மனசு வரவில்லை, சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். மூடியை மூடினால் திரை அணைய வேண்டும் அல்லவா? அதற்காக மூடியில் ஒரு சின்னக் காந்தமும், கீழே விசைப்பலகை ஓரத்தில் அதை உணரும் ஒரு சென்ஸாரும் வைத்திருக்கிறார்கள். வேறு எந்தக் காந்தம் பக்கத்தில் வந்தாலும் மூடி மூடிவிட்டது என்று லேப்டாப் நினைத்துக்கொள்ளும். காந்த மூடி வைத்த போன் கவர், ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை அடுக்குவது, ஸ்பீக்கர் பக்கத்தில் வைப்பது எல்லாம் இதைச் செய்யும். இடம் மாறினால் சரியாகிறது, திரும்ப அதே மேசையில் வைத்தால் அணைகிறது என்றால் முதலில் காந்தத்தைத் தேடுங்கள்.

டார்ச் அடித்துப் பாருங்கள்

இது என் மனசுக்குப் பிடித்த சோதனை. இருட்டறைக்குள் போங்கள், லேப்டாப்பை ஆன் செய்து விண்டோஸ் வரும்வரை விடுங்கள். போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஐகான்களோ கடிகாரமோ பேய் மாதிரி மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. போர்டு, பேனலின் படப் பகுதி, கேபிளில் படம் போகும் கம்பிகள் மூன்றும் நலம். பிரச்சினை பேக்லைட்டிலோ, அதற்கு மின்சாரம் போகும் பாதையிலோ. போர்டில் அந்தப் பாதையில் கடுகளவு ஃப்யூஸ் ஒன்று இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் டிஸ்ப்ளே கேபிளை மாட்டினால் முதலில் சாவது அந்த ஃப்யூஸ்தான். 'பேனல் மாத்தினேன், அப்பவும் வெளிச்சம் வரல்ல' என்று வரும் லேப்டாப்களில் நான் முதலில் மல்டிமீட்டர் வைப்பது அங்கேதான்.

டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் படமே பேனலுக்கு வந்து சேரவில்லை, அல்லது பேனல் அதைக் காட்டவில்லை.

டிவியில் மாட்டுங்கள்

வீட்டில் எச்.டி.எம்.ஐ. உள்ள டிவி இருந்தால் போதும். லேப்டாப்பை அணைத்துவிட்டு கேபிளை மாட்டி, டிவியில் சரியான இன்புட்டை வைத்து, பிறகு ஆன் செய்யுங்கள். படம் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையையும் பி விசையையும் (பிரின்ட் என்பதன் முதல் எழுத்து) சேர்த்து அமுக்கி 'நகல்' நிலையைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் போர்டு பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. மீதி கேபிளும் பேனலும். டிவியிலும் அதே கோடு, அதே கட்டம், அதே நிறச் சிதறல் என்றால் கிராபிக்ஸ் சிப்பையோ டிரைவரையோ சந்தேகப்படுங்கள்.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லேப்டாப்களில் சொந்தத் திரைக்கு ஒரு சிப்பும் எச்.டி.எம்.ஐ.க்கு இன்னொன்றும் இணைந்திருப்பது உண்டு. டிவியில் நல்ல படம் வருவதால் அவற்றில் போர்டை முழுவதும் விடுவித்துவிட முடியாது.

நம் ஊரில் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலமானால் இடி வெளுத்து வாங்கும். அந்த நேரம் டிவியோடு லேப்டாப்பை இணைத்து வைக்காதீர்கள். கேபிள் டிவி வயர் வழியாக வரும் அதிர்ச்சி எச்.டி.எம்.ஐ. வழியாகவே போர்டுக்குள் இறங்கிவிடும்.

கோடு, கறை, மினுக்கல்

திரையில் கோடு விழுந்தால் முதலில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் திறந்தாலும் கோடு தெரிந்தால் அது படத்திலேயே இருக்கிறது: டிரைவர் அல்லது கிராபிக்ஸ். போனில் சுத்தமாக இருந்தால், கோடு படத்துக்குப் பிறகுதான் சேர்கிறது. இது எப்போதும் நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனாலும் இலவசமாகக் கிடைக்கும் சாட்சியை ஏன் விட வேண்டும்?

பிறகு மூடியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு கோணத்தில் கோடு மறைகிறது, இன்னொரு கோணத்தில் வருகிறது என்றால் கேபிள். ஹிஞ்ச் பக்கம் மடங்கி மடங்கி உள்ளே கம்பி நைந்திருக்கும், அல்லது முனை தளர்ந்திருக்கும். எப்படி ஆட்டினாலும் மேலிருந்து கீழ் வரை ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஒற்றைக் கோடு என்றால் பேனல். பேனல் ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டையில் ஒரு தொடர்பு விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தை விரலால் அமுக்கினால் கோடு மறையும், விட்டால் வரும். அமுக்கி அமுக்கியே நாலு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் கடையில் சரிசெய்யக்கூடியது இல்லை, பேனல் மாற்ற வேண்டியதுதான். மை கொட்டினாற்போல் பரவும் கறுப்புக் கறையும் அப்படியே, உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது. விசைப்பலகை மேல் பேனாவையோ இயர்போனையோ வைத்து மூடியதன் கைங்கரியம்.

டெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. டி விசையை (டெல் என்பதன் முதல் எழுத்து) அமுக்கிப் பிடித்தபடி பவர் பட்டனை அமுக்கினால், பல மாடல்களில் பேனல் தானாகவே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களைக் காட்டும். இது பேனல் தனக்குள்ளேயே உண்டாக்கும் படம். இதில் கோடு தெரிந்தால் பேனலே குற்றவாளி. இதில் சுத்தமாக இருந்து விண்டோஸில் கோடு வந்தால் கேபிளையும் போர்டையும் பாருங்கள். மற்ற கம்பெனி லேப்டாப்களில், ஆன் செய்ததும் பயாஸ் பக்கத்துக்கு (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய்ப் பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் கோளாறு வந்தால் சாமான் கோளாறு.

மினுக்கலுக்கும் பயாஸ் சோதனை நல்லது. விண்டோஸில் மட்டும் மினுக்கினால் டாஸ்க் மேனேஜரை (ஓடும் மென்பொருள்களைக் காட்டும் விண்டோஸ் ஜன்னல்) திறந்து வைத்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர், அது மட்டும் நிலையாக நின்றால் வேறு ஏதோ ஒரு மென்பொருள். டிரைவர் என்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். சார்ஜர் மாட்டினால் ஒரு மாதிரியும் கழற்றினால் ஒரு மாதிரியும் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்புகளையும் தானியங்கி வெளிச்சத்தையும் அணைத்துப் பாருங்கள். போன் கேமராவில் மட்டும் பட்டை பட்டையாகத் தெரிகிறது, கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் அது கோளாறே இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கப் பல பேனல்கள் பேக்லைட்டை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கும்.

புள்ளி நகர்கிறது என்று ஒரு பையன் வந்தான், நான் நம்பவில்லை. பார்த்தால் பேனல் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சிற்றெறும்பு. அமுக்கிக் கொன்றால் அது நிரந்தரப் புள்ளியாகிவிடும். திரையை அணைத்து, பக்கத்தில் ஒரு விளக்கை வைத்துவிட்டுப் போய் உறங்குங்கள். வெளிச்சத்தைப் பார்த்து அது தானே கிளம்பிப் போக வாய்ப்பு உண்டு.

உப்புக்காற்று

குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி. இந்தக் கரையிலிருந்து வரும் லேப்டாப் என்றால் நான் கொஞ்சம் வேறு மாதிரி யோசிப்பேன். போன ஆனியில் முட்டத்திலிருந்து ஒரு பிள்ளை கொண்டுவந்தது. காலையில் படம் வராது, மத்தியானம் வெயில் ஏறினால் தானாக வரும். இப்படி நேரம் பார்த்து வருகிற கோளாறு என்றாலே ஈரம்தான். பேனலுக்குப் பின்னாலிருந்த கேபிள் முனையைப் பிரித்துப் பார்த்தால், முப்பது ஊசிகளில் ஓரத்து நாலைந்து மேல் பச்சைப் பாசி மாதிரி படிந்திருந்தது. செம்பில் உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து நாலு தடவை துடைத்ததும் பச்சை போனது, படம் வந்தது. பேனலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. வேறு கடையில் பேனல் மாற்றச் சொல்லியிருந்தார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. புதுப் பேனலை மாட்டும்போது கேபிள் முனை அசைந்து, தற்காலிகமாகச் சரியாகிவிடும். அதைப் பார்த்து 'பேனல்தான்' என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள்.

நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. ஈரம் ஓய்வதே இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் ஜன்னலோர மேசையைத் தவிருங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் பீரோவில் பூட்டி வைப்பது அதைவிட மோசம். இடையிடையே ஆன் செய்து ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் தூங்குகின்றன. எடுத்து ஆன் செய்து 'டிஸ்ப்ளே போச்சு' என்று வருகிறவற்றுக்கு ரேமையும் கேபிள் முனையையும் துடைப்பதுதான் முதல் வேலை.

திறக்க வேண்டும் என்றால்

வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள், நேரே கம்பெனி சர்வீஸ் சென்டர். இல்லையென்றால் நிதானமாக இறங்கலாம்.

அணையுங்கள், சார்ஜரை எடுங்கள். அடிக்கதவின் ஸ்க்ரூக்கள் நீளம் மாறி மாறி இருக்கும். ஒரு தாளில் லேப்டாப்பைப் படமாக வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். கதவைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. இரண்டாவது வேலை, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அமுக்குவது. இந்த இரண்டும் முடியாமல் டிஸ்ப்ளே கேபிள் பக்கம் விரல் போகக்கூடாது. பேக்லைட்டுக்குப் போகும் அதிக வோல்ட் கம்பியும் படம் போகும் மெல்லிய கம்பிகளும் ஒரே முனையில் அடுத்தடுத்து இருக்கின்றன. முனை ஒரு நூல் சாய்ந்தாலும் ஃப்யூஸோ சிப்போ போய்விடும்.

போர்டில் டிஸ்ப்ளே கேபிள் மாட்டியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது, ஹிஞ்ச்சிலிருந்து இறங்கும் வயரைப் பின்தொடர்ந்தால் போதும். அந்த முனையைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அடுத்தது மேல் முனை. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பழைய ஏ.டி.எம். கார்டால் கீழ்ப்பக்கத்திலிருந்து நெம்புங்கள்; பழைய மாடலில் மூலை ரப்பர் துண்டுகளுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். புது மாடல்கள் சிலவற்றில் பேனலை ஸ்க்ரூ பிடிப்பதில்லை, இரண்டு பக்கமும் இழுபசைப் பட்டை பிடித்திருக்கும். அதன் நுனியைப் பிடித்து மெதுவாக, பேனலுக்கு இணையாக இழுக்க வேண்டும். பேனலைக் குப்புறச் சாய்த்தால் பின்னால் கேபிள் முனை. மேலே ஒட்டியிருக்கும் டேப்பை உரித்து, கம்பிப் பூட்டு இருந்தால் அதை நிமிர்த்தி, முனையைப் பக்கவாட்டில் நழுவவிட்டு எடுங்கள். மேல்நோக்கிப் பிடுங்கினால் ஊசியோடு வரும். துடைத்த பிறகு கால் மணி நேரமாவது காயவிடுங்கள். அப்புறம்தான் மாட்டுவது, கடைசியாகப் பேட்டரி.

முனையைத் துடைத்தும் சரியாகவில்லை, மூடியை ஆட்டினால் மாறுகிறது என்றால் கேபிளை மாற்றுங்கள். பேனல் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.

பேனல்தான் என்று உறுதியானால்

லேப்டாப் மாடலைச் சொல்லிப் பேனல் வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று கம்பெனிப் பேனல் போட்டிருப்பார்கள். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளை போட்டோ எடுங்கள். என்.வி.156 என்று தொடங்கினால் பி.ஓ.ஈ., எல்.பி.156 (பிரின்ட் என்பதன் பி) என்றால் எல்.ஜி., பி156 (அகரவரிசையின் இரண்டாம் எழுத்துப் பி) என்றால் ஏ.யூ.ஓ., என்156 என்றால் இன்னோலக்ஸ். 156 என்பது 15.6 அங்குலம், 140 என்பது 14. அதே எண்ணே கிடைக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் நாலு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: அளவு, ரெசல்யூஷன் (திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை), முனையில் 30 ஊசியா 40 ஊசியா என்பது, ஸ்க்ரூ மாட்டும் காதுகள் இருக்கின்றனவா இல்லையா என்பது. டச் திரைக்கும் வேகமான கேமிங் திரைக்கும் பெரும்பாலும் 40 ஊசி வரும். முப்பதை நாற்பதில் மாட்ட முடியாது.

புதுப் பேனல் வந்ததும் பாதுகாப்புப் பிலிமை உரிக்காமல், சட்டத்தை மூடாமல், கேபிளை மட்டும் மாட்டி முதலில் ஆன் செய்யுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரையில் ஓடவிட்டுப் புள்ளி, கறை பாருங்கள். பிலிமை உரித்த பேனலை எந்தக் கடையும் லேசில் திரும்ப எடுக்காது. எல்லாம் சரி என்றால் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சட்டத்தை மூடுங்கள். பிறகு மறுபடி ஆன் செய்து மூடியை இருபது தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஹிஞ்ச் இறுகிப்போய் 'கறக்' என்று சத்தம் வந்தால் அதைத் தளர்த்தாமல் விட்டுவிடாதீர்கள், அடுத்த ஓணத்துக்குள் இந்தக் கேபிளும் நைந்துவிடும். கடையில் மாற்றினால் பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள். அதன் லேபிளும் புதுப் பேனலின் பில்லும் ஒரே கவரில் இருக்கட்டும்.